தென்சென்னையில் ஓர் இடைநிலை டேப் டான்ஸ் வகுப்பு: ஒலி சுத்தம், ஸ்விங் போதாது

டேப் என்பது அடியில் உலோகத் தகடு வைத்த ஷூவால் தரையில் தாளம் எழுப்பும் நடனம். ஷஃபிள் (முன்பாதத்தை முன்னும் பின்னும் உரசும் இரண்டு ஒலி), ஃப்ளாப் (முன்னே உரசி ஊன்றும் இரண்டு ஒலி), பால் சேஞ்ச் (ஒரு முன்பாதத்திலிருந்து மறுகாலுக்குச் சட்டென எடை மாற்றல்) மூன்றும் இரண்டு காலிலும் ஒரே அளவாக வருகிறவர்களுக்கான வகுப்பு இது. அடையாறு பக்கம் ஒரு மாடி ஹாலில், சனி ஞாயிறு காலை நேரத்தில், 12 வாரம் நடக்கிறது. வலது காலில் மட்டும் ஷஃபிள் தெளிவாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஆரம்ப வகுப்பிலேயே இருப்பது நல்லது. இங்கே இடது காலுக்காக யாரும் காத்திருப்பதில்லை.

முதல் நான்கு வாரமும் பாரடிடில்தான். குதிகாலால் ஒரு குத்து, முன்பாதத்தால் பின்னே ஓர் இழுப்பு, அதே முன்பாதத்தை ஊன்றல், கடைசியில் குதிகாலை இறக்குதல் என்று நான்கு ஒலி. அதைத் 'தகதிமி' என்று வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் காலுக்கு வருகிறார்கள். டிசம்பர் கச்சேரி கேட்டு வளர்ந்த ஊரில் இதைவிட நேர்வழி கிடையாது. தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு ஒலி. நான்கும் சமமாக விழுந்தால்தான் 66-க்குப் போகலாம். பலருக்குத் 'தக' ஒட்டிக்கொள்ளும், 'தி' தாமதமாக வரும். குத்திய குதிகாலிலேயே உடம்பின் எடையைப் போட்டுவிடுவதுதான் காரணம். எடை மறுகாலில் நிற்க, குத்துகிற கால் லேசாக இருந்தால் பின்னிழுப்பு தானே பிரிந்து கேட்கும். ஒவ்வொருவராக ஆட, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை ஒலி விழுந்தது என்று எண்ணுகிறார்கள். இந்த ஒரு பயிற்சிக்காகவே வகுப்பில் சேரலாம்.

திரும்பத் திரும்ப ஆடும் அடிப்படை அடவான டைம் ஸ்டெப்பையும் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். எட்டுத் தட்டுக் கணக்கில் அது 1-இல் தொடங்குவதில்லை, முந்தைய 8-இலேயே ஷஃபிள் வந்துவிடுகிறது. அதீத எடுப்பு (தாளத்துக்கு முன்பே பாட்டு தொடங்குவது) தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். 1-இல் ஹாப் (ஒற்றைக்கால் குதிப்பு), 2-இல் ஸ்டெப் (ஊன்றல்), 3-இல் முடியும் ஃப்ளாப், பிறகு ஒரு ஸ்டெப்: இது சிங்கிள். 2-இல் வரும் ஸ்டெப்பை ஃப்ளாப் ஆக்கினால் டபுள், ஷஃபிள் ஸ்டெப் ஆக்கினால் டிரிபிள். டிரிபிளுக்கு வந்ததும் ஷஃபிளுக்கு இடம் தேடி 2-ஐத் தள்ளிவைப்பது வழக்கமான தப்பு. 2 அசையக்கூடாது, அதற்கு முன்னால்தான் ஷஃபிள் நுழைய வேண்டும். 6 பார் (நான்கு தட்டு ஒரு பார்) ஆடி, 2 பார் பிரேக்கோடு (முடிக்கும் மாற்று அடவு) முடித்தால் கணக்கு 8-க்குச் சரியாக வரும்.

சறுக்கல் ஷிம் ஷாமில். 1920-களில் லெனர்ட் ரீடும் வில்லி பிரையன்டும் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஆட்டம், உலகம் முழுக்க டேப் ஆடுகிறவர்களுக்குப் பொதுவானது. அதையும் இங்கே தகதிமிக் கணக்கிலேயே சமமாக ஆட வைக்கிறார்கள். படி சரி, ஒலி சுத்தம், ஆனால் ஸ்விங் செத்துப்போகிறது. 'தகிட' சொல்லி நடு எழுத்தை விழுங்கிப் பாருங்கள், அந்த நெடில் குறில் ஆட்டம்தான் ஸ்விங். நான்கு வாரம் சதுஸ்ரத்தில் (நான்கின் கணக்கு) ஊறிய காலைத் திஸ்ரத்துக்கு (மூன்றின் கணக்கு) திருப்ப இரண்டு வகுப்பாவது தனியாக வேண்டும். பழைய அமெரிக்க டேப் கலைஞர்களான இருவரில், பில் ராபின்சன் முன்பாதத்தில் நிமிர்ந்து ஆடியதையும், ஜான் பபிள்ஸ் குதிகாலை இறக்கித் தாளத்தைக் கனமாக்கியதையும் அடுத்தடுத்து ஆடிக் காட்டினாலே ஸ்டைல் என்றால் என்ன என்று புரிந்துவிடும். அந்தப் பேச்சே எழவில்லை.

புல்பேக் (பின்னால் குதித்தபடியே முன்பாதத் தகட்டைத் தரையில் உரசி இறங்குவது) ஒன்பதாவது வாரம் வருகிறது, அவசரமாக முடிகிறது. மேலே குதித்தால் தரையிறங்கும் ஒலி மட்டும்தான் கேட்கும். முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில் இருக்க, தகடு தரையை உரசிக்கொண்டே பின்னால் போக வேண்டும். சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்ய விடுவது நல்ல ஏற்பாடு. தரைதான் மோசம். டைல்ஸ் மேல் வெறும் ப்ளைவுட், அதன் அடியில் கான்கிரீட். கொஞ்சமும் இடம்கொடுக்காது, அடிக்கிற அடி முழுக்கக் கணுக்காலுக்கும் முன்காலெலும்புக்கும் திரும்பி வருகிறது. பலகைக்கு அடியில் ஃபோம் போட்டுத்தர நிர்வாகத்திடம் கட்டாயம் கேளுங்கள். முன்காலெலும்பு வலித்தால் அன்றைக்குக் குதிப்பதை நிறுத்திவிடுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு 18 மிமீ வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட், 3 அடிக்கு 4 அடி போதும். அடியில் ஈவிஏ ஃபோம் பாய் விரித்தால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி. மேலே மைக்கா ஒட்டாதீர்கள், தகடு வழுக்கும். அலுமினியத் தகடு கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காது, ஆனால் அதன் திருகு துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் தோல் சோல் ஈரம் வாங்கித் துளை விரிந்து திருகு தளரும், ஒலி கிணுகிணுக்கத் தொடங்கும். உடனே முறுக்கிவிடுங்கள், ஆனால் துளை நைந்துபோகிற அளவுக்கு வேண்டாம். நைந்துவிட்டால் சோல் மாற்றப் பெரியமேட்டில் நல்ல தோல் கிடைக்கிறது.