ஒரு அழுத்து, இரண்டு உதை: ஊரில் ரிதம் மெஷினைப் பழுது பார்த்த அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போகும்போது ரிதம் மெஷினும், அதாவது தாளம் வாசிக்கும் மின்கருவியும், பெட்டியில் ஏறியது. வாசிக்க அல்ல, பட்டனைச் சரிபண்ண. ஒலியை நிறுத்தும் மியூட் பட்டனை ஒருமுறை அழுத்தினால் விளக்கு எரிந்து உடனே அணையும். பார்ப்பவருக்குப் பட்டன் செத்துவிட்டது போலத் தெரியும். அதுவோ ஒரு அழுத்தை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தது.

முதலில் போன சர்வீஸ் சென்டரில் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு போயிருச்சு சார், மாத்தணும்." கும்பிடு போட்டுவிட்டு, ஆம்ப், மிக்சர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "எல்லா பட்டனுமா தம்பி, சிலது மட்டுமா?" எல்லாமே இப்படி என்றால் மென்பொருள், பவர் சப்ளை பக்கம் பார்க்க வேண்டும். அடிக்கடி அழுத்துவது மட்டும் என்றால் சுவிட்ச்தான்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அதிகம் தொடாத ஒரு பட்டனின் சுவிட்சையும் மியூட்டின் சுவிட்சையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். கோளாறும் கூடவே இடம் மாறியது. போர்டு பிழைத்தது.

இந்தப் பட்டன்களுக்கு அடியில் இருப்பது டாக்ட் சுவிட்ச் என்ற சின்ன அழுத்து சுவிட்ச். அதற்குள் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அழுத்தும்போது அது சில மில்லிசெகண்டுகள் துள்ளித்தான் நிற்கும். புதிதிலும் அப்படித்தான். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க மென்பொருள் சற்றுப் பொறுக்கும், பெரும்பாலும் 5 முதல் 20 மில்லிசெகண்டு. தொடுமுனை கறுத்துத் தேய்ந்தால் துள்ளல் அந்த அவகாசத்தைத் தாண்டிவிடும்.

கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதாதா என்றேன். "கொஞ்ச நாள் நல்லா இருக்கும், அப்புறம் திரும்ப வரும்" என்றார். கார்பன் ஒட்டிய ரப்பர் பட்டன் என்றால் கதை வேறு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தாலே பலசமயம் சரியாகும். விரலின் வேகத்தை உணரும் பேடு இரட்டித்தால், எதையும் கழற்றும் முன் செட்டிங்கில் திரெஷோல்டை, அதாவது எவ்வளவு பலமாகத் தட்டினால் கணக்கில் எடுக்கும் என்ற வரம்பை, ஏற்றிப் பார்க்கலாம்.

சுவிட்ச் 6 x 6 மில்லிமீட்டர், நாலு கால். ஆனால் தண்டின் உயரமும் பொருந்த வேண்டும்: அதிகமானால் மூடி எப்போதும் அழுத்தியபடி கிடக்கும், குறைந்தால் ஆடும். வெர்னியர் வைத்து அளந்தார். பழைய சுவிட்சைக் கழற்றும்போது, போர்டின் கிரவுண்ட் என்ற அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்த கால் மட்டும் ஈயத்தை விடவே இல்லை. அந்தப் பரப்பு சூட்டைக் குடித்துவிடுகிறது. இழுத்திருந்தால் போர்டிலிருந்து செம்பு உரிந்து வந்திருக்கும். அவரோ புது ஈயத்தைச் சேர்த்து உருக்கி, பிறகு பம்பால் உறிஞ்சினார்.

தேய்ந்ததை மட்டும் மாற்றாமல் அந்த வரிசை முழுவதையும் மாற்றச் சொன்னேன், எல்லாம் ஒரே வயசு. ஒரே குறை: புதியவை பழையதைவிடக் கொஞ்சம் விறைப்பு. அளவு சரி, அழுத்த விசைதான் வேறு. இப்படி எடுத்துப்போகிறவர்கள் சர்வீஸ் மேனுவலில் சுவிட்சின் பார்ட் நம்பரைப் பார்த்து, முன்கூட்டியே வாங்கிக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.