செல் நுழைத்ததும் சத்தமில்லாமல் மாறும் கணக்கு: எக்செல்லுடன் பல வருடம்

ரங்கூனில் பருப்பு வியாபாரக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு எக்செல் இல்லாமல் பொழுது ஓடாது. பயின்நவுங் மொத்தச் சந்தையிலிருந்து உளுந்தும் துவரையும் வர வர, ஒரே ஷீட்டில் மூன்று பேர் கை வைப்போம். வேகத்துக்கும் வசதிக்கும் தாராளமாக முழு மார்க் தருவேன். நடுவில் புது செல் (கட்டம்) நுழைக்கும் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டேன்.

ஃபார்முலா தேடுகிற செல் காணாமல் போய் #ரெஃப் (#REF!) என்று பிழை காட்டினால் நல்லதுதான், உடனே பார்த்துவிடலாம். ஒழுங்காக இருப்பதுபோலவே தெரிகிற தப்பு எண்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு உதாரணம். சி (C) நெடுவரிசையில் எடை, டி-யில் (D) ஒரு வீசைக்கு (பர்மிய எடை அளவு) விலை, இ-யில் (E) இரண்டையும் பெருக்கிய தொகை. ஐந்தாவது வரிசையில் 200 வீசை உளுந்து, விலை 5,000 கியாட், தொகை 10 லட்சம். விட்டுப்போன 150 வீசையைச் சேர்க்க, யாரோ சி5-இல் ஒரு செல்லை மட்டும் நுழைத்து, மற்றதைக் கீழே தள்ளுகிறார். இப்போது அந்த வரிசையில் 150-ம் 5,000-மும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தொகை அதே 10 லட்சம்! ஏனென்றால் ஃபார்முலா பழைய 200-ஐத் துரத்திக்கொண்டு சி6-க்குப் போய்விட்டது. புது 150 எடையின் மொத்தத்தில் ஏறும், பணத்தில் ஏறாது. சி-யின் மொத்தம் ஒரு செல் கீழே இறங்கியிருப்பது ஒன்றுதான் தடயம். அதனால் எங்கள் இடத்தில் தனி செல் நுழைப்பதே கிடையாது, எப்போதும் முழு வரிசைதான்.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. மொத்தத்துக்கு நேர் மேலே வரிசை நுழைத்தால், கூட்டல் சில சமயம் தானாக நீளும், சில சமயம் நீளாது. பெரிய இடத்திலேயே வரம்பு குறைந்துபோயிருக்கிறது: பொருளாதார நிபுணர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட அரசுக் கடன் ஆய்வில், 49-ஆவது வரிசை வரை போக வேண்டிய சராசரி 44-இலேயே நின்று ஐந்து நாடுகள் விடுபட்டன. 2013-இல்தான் அது வெளியே வந்தது. நாங்கள் மொத்தத்துக்கு மேல் ஒரு வெற்று வரிசை விட்டு, அதையும் சேர்த்தே கூட்டுகிறோம். அதற்கு மேல்தான் புது வரிசை.

அப்புறம், கன்ட்ரோல் டி (Ctrl+T) அழுத்தி டேபிளாக மாற்றியது பெரிய நிம்மதி. வரிசை கூடினால் ஃபார்முலாவும் கூடவே வருகிறது. சந்தேகம் வந்தால் மொத்த செல்லில் எஃப்2 தட்டுங்கள், வண்ணக் கட்டம் எதுவரை போகிறது என்று தெரிந்துவிடும். செல்லின் மூலையில் எச்சரிக்கையாக வரும் பச்சை முக்கோணத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

விலைப்பட்டியலுக்கு நடுவே நெடுவரிசை நுழைத்தால் பட்டியலில் தேடி விலையை எடுத்துத் தருகிற வி-லுக்கப் (VLOOKUP) ஃபார்முலா தடம் மாறும். மூன்றாவது நெடுவரிசை என்று எண்ணாக எழுதியிருப்பதால், அது பாட்டுக்கு வேறு விலையை எடுத்துத் தரும். எக்செல் 2021 அல்லது 365 இருந்தால் எக்ஸ்-லுக்கப்புக்கு மாறிவிடுங்கள். பழைய பதிப்புக்கு இன்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்துப் போட்டால் போதும்.