ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி முதல் வால்யூம்: கறுப்பு வெள்ளைலயே படிக்க வேண்டிய குண்டு புக்

ரெண்டு வாரமா ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி இதைத்தான் கொஞ்சம் கொஞ்சமா படிச்சிட்டு வந்தேன், நேத்துதான் முடிஞ்சுது, மறக்கறதுக்குள்ள எழுதிடறேன். அமெரிக்காவோட டிசி காமிக்ஸ் தன்னோட பழைய இதழ்களைத் தொகுத்துப் போட்ட ஷோகேஸ் ப்ரசென்ட்ஸ் வரிசைல 2006ல வந்த, ஹவுஸ் ஆஃப் மிஸ்டரிங்கற ஹாரர் காமிக்ஸ் இதழோட முதல் வால்யூம். 174ஆம் இதழ்ல இருந்து 194 வரைக்கும் 21 இதழ், 500 பக்கத்துக்கும் மேல, அட்டையைத் தவிர முழுக்க கறுப்பு வெள்ளை, பேப்பர் பழைய நியூஸ்பிரிண்ட் மாதிரி மங்கலா இருக்கும். வந்தப்போ விலை 20 டாலருக்குள்ள.

கையில எடுத்ததும் எல்லாரும் கேக்கற கேள்வி, முதல் வால்யூம்னு போட்டுட்டு ஏன்யா 174ல ஆரம்பிக்குதுன்னு. நானும் முதல்ல குழம்பினேன். ஆனா அதுக்குப் பதில் தெரிஞ்சாதான் இந்த புக்கோட அருமை புரியும், அதனால கொஞ்சம் பின்னாடி போயிட்டு வரேன்.

இந்த இதழ் ஆரம்பிச்சது 1951 கடைசில, அட்டைல டிசம்பர் 1951 ஜனவரி 1952ன்னு இருக்கும், விலை 10 சென்ட். அப்போ ஹாரர் காமிக்ஸ்ல ராஜா யாருன்னா ஈசி (EC) கம்பெனிதான், டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட் எல்லாம் அவங்களோடது, வெட்டு குத்து அழுகின பொணம்னு எதுக்கும் அஞ்ச மாட்டாங்க. டிசி அந்த அளவுக்கு இறங்கல. ஹவுஸ் ஆஃப் மிஸ்டரில பேய்னு காட்டிட்டு கடைசில பாத்தா யாரோ பண்ணின ஏமாத்து வேலையா இருக்கும், இப்படி சாதுவாதான் ஓட்டிட்டு இருந்தாங்க. அந்த சாதுத்தனம்தான் அதைக் காப்பாத்துச்சுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா 1954ல இடி விழுந்துச்சு. காமிக்ஸ் படிச்சா பசங்க கெட்டுப் போறாங்கன்னு ஃப்ரெட்ரிக் வெர்தம்னு ஒரு மனநல டாக்டர் புக் எழுதி, அமெரிக்க செனட் கமிட்டி விசாரணை வச்சு, ஈசியோட ஓனர் பில் கெய்ன்ஸ் அங்க போய் பதில் சொல்லி, அது அவருக்கே எதிரா திரும்பி, கடைசில பதிப்பாளர்களே சேர்ந்து காமிக்ஸ் கோட்னு ஒரு தணிக்கை விதி கொண்டு வந்தாங்க. தலைப்புல ஹாரர், டெரர்னு போடக்கூடாது, ரத்தக்காட்டேரி, ஓநாய் மனுஷன், நடக்கற பொணம் எதுவும் வரக்கூடாது. ஈசியோட ஹாரர் இதழ் எல்லாம் மூடிட்டாங்க. ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி மூடல, ஆனா வேற ஆளா மாறிடுச்சு. வேற்றுகிரகவாசி, பெரிய பெரிய ஜந்து, விசித்திர மெஷின்னு கதை போச்சு. 1964ல 143ஆம் இதழ்ல செவ்வாய் கிரகத்து சூப்பர் ஹீரோ மார்ஷியன் மேன்ஹன்டர் குடி வந்தாரு, 1966 ஆரம்பத்துல 156ஆம் இதழ்ல டயல் ஹெச் ஃபார் ஹீரோ வந்துச்சு, ராபி ரீட்னு ஒரு பையன் ஒரு டயலைச் சுத்தினா ஒவ்வொரு தடவையும் ஒரு புது சூப்பர் ஹீரோவா மாறுவான். நல்ல ஐடியாதான், குறை சொல்ல மாட்டேன், ஆனா வாசல்ல மர்ம வீடுன்னு போர்டு, உள்ள போனா கேப் கட்டின ஆளுங்க.

அப்புறம் சூப்பர் ஹீரோ மோகம் இறங்கிடுச்சு, டிவில ஓடிட்டு இருந்த பேட்மேன் சீரியல் 1968 மார்ச்ல நின்னுச்சு. அதே வருஷம் 174ஆம் இதழுக்கு டிசி கூட்டிட்டு வந்த எடிட்டர் யாருன்னா ஜோ ஆர்லாண்டோ. இவரு ஈசில ஓவியரா இருந்தவரு! எந்தக் கம்பெனியோட ஹாரரை ஒழிக்கணும்னு கோட் வந்துச்சோ, அதே கம்பெனில வரைஞ்ச கை 14 வருஷம் கழிச்சு ஹாரரைத் திருப்பி உள்ள கொண்டு வருது. அதனாலதான் புக் 174ல ஆரம்பிக்குது. அந்த வீடு மறுபடியும் அந்த வீடா ஆனது அங்கதான்.

சரி, இப்போ புக்குக்கு வருவோம். முதல் ஒண்ணு ரெண்டு இதழைப் பாத்து யாரும் கைவிட்டுடாதீங்க. 174 பெரும்பாலும் பழைய கதைங்களோட மறுபதிப்புதான், சப்புன்னு இருக்கும், அப்புறம் வர இதழ்கள்லயும் நடுநடுவுல பழசு எட்டிப் பாக்கும். ஆனா 175ல கெய்ன் வந்துடறான். பைபிள்ல வர காயீன் தான் இவன், தம்பியைக் கொன்னவன். வட்டக் கண்ணாடி, கூரான தாடி, தலையில ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி எழும்பின முடி. கென்டக்கில இருக்கற அந்த வீட்டைப் பாத்துக்கறவன், வர ஆளைக் கதவைத் திறந்து கூப்பிட்டு உக்கார வச்சு கதை சொல்லுவான். நமக்கு இது புதுசில்ல, விக்கிரமாதித்தன் முதுகுல தொங்கிட்டு வேதாளம் கதை சொல்லல? அதே மாதிரி, ஒவ்வொரு கதையும் தனி, ஆனா சொல்ற குரல் ஒண்ணு, அந்தக் குரலுக்காகவே அடுத்த கதைக்குப் போவோம். இப்படித் தனித்தனிக் கதைங்க வர ஆந்தாலஜி இதழ் ஒண்ணு வருஷக்கணக்கா ஓடணும்னா இந்தக் குரல் ரொம்ப முக்கியம்னு இதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது, ஏன்னா ஓவியர் மாறுவாங்க, கதை எழுதறவங்க மாறுவாங்க, ஹீரோன்னு ஒருத்தரும் கிடையாது, வாசகனைத் திரும்ப வர வைக்க இந்த ஒரு ஆள்தான் இருக்கான். கெய்னோட முகத்துக்கு மாடல் அப்போ சின்னப் பையனா இருந்த எழுத்தாளர் லென் வீன்.

ஓவியத்துக்கு வருவோம், இந்த புக்கை நான் தூக்கி வச்சுக்கறதே அதுக்குத்தான். 178ல நீல் ஆடம்ஸ் வரைஞ்ச த கேம்னு ஒரு கதை, ஒரு சின்னப் பையன், ஒரு வீடு, ஒரு விளையாட்டு, அவ்ளோதான் சொல்லுவேன். 179ல பெர்னி ரைட்சன் அறிமுகம், பெரிய கம்பெனி காமிக்ஸ்ல அவரோட முதல் கதை அது, த மேன் ஹூ மர்டர்ட் ஹிம்செல்ஃப், 1969 மார்ச் ஏப்ரல் இதழ், அவருக்கு வயசு வெறும் 20. அந்த வயசுல அந்த இங்க் வேலையை பாத்தா மலைப்பா இருக்கு, ஒவ்வொரு சுருக்கமும் ஒவ்வொரு மரக்கிளையும் தனித்தனியா மெல்லிசு கோடா இழைச்சிருப்பாரு. அதுக்கு நேர் எதிர் அலெக்ஸ் டாத். 182ல த டெவில்ஸ் டோர்வே படிச்சுப் பாருங்க, கோடே கம்மியா இருக்கும், ஒரு பெரிய கறுப்புத் திட்டு, ஒரு வெள்ளைக் கண்ணாடி, ஒரு முகம், அதுலயே முதுகுல சிலீர்னு ஏறும். 186 எடுத்தா ஒரே இதழ்ல ரைட்சனும் ஆடம்ஸும். கில் கேன், வாலி வுட், அல் வில்லியம்சன்னு ஜாம்பவான்கள் வந்துட்டுப் போவாங்க. நடுநடுவுல செர்ஜியோ அரகோனஸோட ஒரு பக்க ஜோக்குங்க வேற, பயந்துட்டு இருக்கற மனசுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும்.

அட்டைப்படம் எல்லாத்தையும் உள்ள கறுப்பு வெள்ளைல போட்டிருக்காங்க. ஆடம்ஸோட அட்டைல அடிக்கடி சின்னப் பசங்கதான் இருப்பாங்க, இருட்டுக்குள்ள நடந்து போவாங்க, எதையோ பாத்து உறைஞ்சு நிப்பாங்க, பெரியவங்க யாரும் பக்கத்துல இருக்க மாட்டாங்க. 12 சென்ட் கொடுத்து வாங்கப் போற பையன் கடை ரேக்குல பாக்கறது தன்னையேதான்.

இதுல எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம், இந்த 21 இதழ்ல பெரும்பகுதி பழைய கோட் அமல்ல இருக்கும்போது வந்தது. 1971 ஆரம்பத்துலதான் விதியைத் தளர்த்தி காட்டேரி, ஓநாய் மனுஷன் எல்லாம் வரலாம்னாங்க, புக் முடியறது அதே 1971 செப்டம்பர் இதழோட. அப்போ இது கையைக் கட்டிப் போட்டுட்டு பண்ணின ஹாரர். ரத்தம் காட்ட முடியாது, பொணம் எழுந்து நடக்க முடியாது, பல்லு நீண்ட காட்டேரி முடியாது. அதனால என்ன பண்ணினாங்க, கதவு, மாடிப்படி, நிழல், கண்ணாடி, பொம்மை, குழந்தை முகம், இதையெல்லாம் வச்சே பயமுறுத்தினாங்க. எனக்கு இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்த கதைங்கதான் ஈசியோட வெட்டு குத்தை விட அதிக நாள் மனசுல நிக்குது. கோட் எவ்ளோ கெடுபிடின்னா, இதோட தங்கச்சி இதழ் ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்ல 1970ல 83ஆம் இதழ்ல, கதையைச் சொன்னது ஒரு ஊர் சுத்தற வுல்ஃப்மேன்னு ஒரு வரி வந்துடுச்சாம், ஓநாய் மனுஷன் கூடாதேன்னு கோட்காரங்க தடுத்தாங்களாம். அது எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மேனோட நிஜப் பேருங்கன்னு சொன்னதும், அப்படின்னா கதைல அவர் பேரைப் போட்டு நிரூபிங்கன்னாங்களாம். அவருக்கு மட்டும் போட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா, எல்லாருக்கும் பேர் போட ஆரம்பிச்சாங்கன்னு இண்டஸ்ட்ரில இன்னிக்கும் சொல்லுவாங்க.

குறைன்னு சொல்லணும்னா கதைங்கதான். பேராசைக்காரன் ஒருத்தன், புதையலோ சொத்தோ இருக்கும், அதுக்காக ஒருத்தரைக் கொல்லுவான், கடைசி பேனல்ல, அதாவது கடைசிப் படக் கட்டத்துல, அவன் பண்ணினதே அவனுக்குத் திரும்பும். பத்து கதைல ஆறு இந்த அச்சுதான். ஒரே மூச்சுல 500 பக்கமும் படிச்சா நிச்சயம் சலிக்கும், முடிவு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சிடும். ஒரு நாளைக்கு ஒரு இதழ் போதும், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு காத்திருந்து வாங்கின பசங்களுக்காக எழுதினது அது. பெண் கதாபாத்திரங்க பெரும்பாலும் அலறவோ ஏமாத்தவோதான் வராங்க, அதுவும் உறுத்துது.

கலர் வேணும்னு கேக்கறவங்களுக்கு, 2019ல இந்த காலகட்டத்தை கலர்ல ஆம்னிபஸ்னு ஒரு பெரிய தொகுப்பு புக்கா போட்டாங்க. அது அழகுதான், அலமாரில வச்சா கம்பீரமா இருக்கும். ஆனா டாத்தோட கறுப்புத் திட்டும் ரைட்சனோட மெல்லிசு கோடும் கலருக்கு அடியில போயிடுதுன்னு எனக்குத் தோணுது. இதுல ஓவியர் இங்க் வச்ச இடம் அப்படியே கண்ணுக்குத் தெரியுது. வரையக் கத்துக்கறவங்க யாராவது இருந்தா யோசிக்காம இந்த கறுப்பு வெள்ளையைத் தேடி வாங்குங்க, பழைய புக் விக்கறவங்க கிட்டதான் மாட்டும். நான் வாங்கினதும் யூஸ்டு காப்பிதான், வித்தவங்க நல்ல கண்டிஷன்னு எழுதியிருந்தாங்க, பாத்தா முதுகு விரிஞ்சு ரெண்டு மடிப்பு விழுந்திருந்துச்சு, அதனால முதுகோட போட்டோ கேட்டு வாங்குங்க.

இந்த 194ஓட கதை முடியல. அந்த 1971லயே ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ் 92ல வீனும் ரைட்சனும் சேர்ந்து ஸ்வாம்ப் திங்னு சதுப்பு நில ஜந்துவை உருவாக்கினாங்க. ஹவுஸ் ஆஃப் மிஸ்டரில பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் அல்ஃப்ரெடோ அல்காலா, அலெக்ஸ் நீன்யோ, நெஸ்டர் ரெடோண்டோன்னு வந்து குவிஞ்சாங்க. 1981ல 290ஆம் இதழ்ல ஐ வாம்பயர்னு ஒரு தொடர் ஆரம்பிச்சுது, ஒரு காலத்துல பேரையே சொல்ல முடியாத காட்டேரி இப்போ அதே இதழோட ஹீரோ. 321ஆம் இதழோட 1983 அக்டோபர்ல நிறுத்தினாங்க. கடைசிக் கால எடிட்டர் கேரன் பெர்கர், அவங்கதான் இங்க கத்துக்கிட்டு பின்னாடி பெரியவங்களுக்கான டிசியோட தனிப் பிரிவு வெர்டிகோவை உருவாக்கினாங்க, அவங்க எடிட் பண்ணின சாண்ட்மேன் காமிக்ஸ்லதான் எழுத்தாளர் நீல் கெய்மன் கெய்னையும் அவன் தம்பி ஏபெலையும் திரும்பக் கூட்டிட்டு வந்தாரு. சாண்ட்மேன் படிச்சுட்டு யாருடா இந்த ரெண்டு பேரு, ஏன் அண்ணன் தம்பியைத் திரும்பத் திரும்பக் கொல்றான், பக்கத்து பக்கத்துல ரெண்டு வீடு எதுக்குன்னு குழம்பினவங்க இருந்தா அவங்களுக்கு இந்த புக் கட்டாயம்.

முழுசா படிக்க டைம் இல்லன்னா 178, 179, 182, 186 இந்த நாலு இதழை மட்டும் முதல்ல படிங்க. அப்புறம் 175க்குத் திரும்பி வந்து கெய்ன் முதல் தடவை கதவைத் திறக்கற இடத்துல இருந்து வரிசையா போங்க. நான் ரெண்டாவது வால்யூமுக்குத் தேட ஆரம்பிச்சுட்டேன், 195ல இருந்து 211 வரைக்கும், காட்டேரிக்குத் தடை போனதுக்கு அப்புறம் வந்த இதழ்கள்.