கரப்பான் (எக்சிமா) தோலுக்கு எந்தக் காவல் நல்லது?

சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் முழங்கை மடிப்பு வியர்த்தால் போதும், என் மகள் இரவெல்லாம் சொறிவாள். “ஆன்ட்டிசெப்டிக் சோப்புப் போடும்மா, கிருமி போயிடும்” என்றார் எங்கள் புளோக்கின் மேல்மாடி அக்கா. நானும் போட்டேன். அந்தச் சோப்புக்கு நல்லது கெட்டது தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது.

கரப்பான் தோலில் பெருகிக் குடைச்சல் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதை அடக்கும் அதன் பங்காளிகளும், அதாவது அதே ஸ்டாஃபிலோகாக்கஸ் இனத்து வேறு பாக்டீரியாக்களும், நம் உடம்பிலேயே இருக்கின்றன.

அந்தப் பங்காளிகளில் ஒன்றான எபிடெர்மிடிஸ் எல்லார் தோலிலும் உண்டு. அதன் சில வகைகள் சுரக்கும் ஒரு நொதி, ஆரியஸ் ஒட்டிக்கொள்ளக் கட்டும் படலத்தைக் கலைத்துவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010ல் இதைக் காட்டினார்கள். ஆனால் எல்லா வகையிடமும் இந்த நொதி இல்லை.

மூக்கில் வாழும் இன்னொரு பங்காளியான லக்டுனென்சிஸ் ஆரியஸை நேராகக் கொல்லும். ஜெர்மனியின் டூபிங்கனில் 187 நோயாளிகளைப் பார்த்தார்கள்: இது இல்லாதவர்களில் 34.7 விழுக்காட்டினரின் மூக்கில் ஆரியஸ் இருந்தது. இது இருந்தவர்களில் 5.9 விழுக்காடுதான். அசர வைக்கும் வித்தியாசம். ஆனாலும் இதே லக்டுனென்சிஸ் இரத்தத்தில் புகுந்தால் இதய வால்வையே அரிக்கக்கூடியது. பிள்ளையின் புண்பட்ட தோலில் அதை உயிரோடு தடவ எனக்கு மனம் வராது.

என் கணக்கில் முந்துவது மூன்றாவது பங்காளியான ஹோமினிஸ். கரப்பான் இல்லாத தோலில் ஆரியஸைக் கொல்லும் ஹோமினிஸ் வகைகள் தாராளம். கரப்பான்காரர்களிடம் அவை அரிது. அதாவது, நோயுள்ள இடத்தில் குறைந்துபோனதையே திருப்பி வைக்கிறோம். 2021ல் வெளியான சோதனையில் கரப்பான் உள்ள 54 பெரியவர்களில் ஒரு பகுதியினர், ஏ9 என்ற ஹோமினிஸ் வகை கலந்த களிம்பை ஒரு வாரம், நாளுக்கு இருமுறை பூசினார்கள். ஆரியஸ் குறைந்தது. ஆனால் தங்கள் தோலின் ஆரியஸ் ஏ9-க்குச் சாகும் வகையாக இருந்தவர்களுக்குத்தான் கரப்பானும் தணிந்ததாகத் தெரிந்தது. சாகாத ஆரியஸிலும் நச்சுச் சுரப்பை ஏ9 தடுக்கிறது என்பதால் எனக்கு நம்பிக்கை விடவில்லை.

பாக்டீரியா மட்டுமல்ல: பொடுகோடு சேர்த்துப் பழிக்கப்படும் மலாசீசியா பூஞ்சையின் ஒரு நொதியும் ஆரியஸின் படலத்தைக் குலைப்பதை 2018ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஹோமினிஸ் களிம்பு மருந்துக்கடைக்கு வரும்வரை எங்கள் வீட்டில் மணமில்லாத மென்சோப்பு, சுருக்கமான குளியல், ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர். காரச் சோப்பை விட்டால், தோலின் இயல்பான இளம் அமிலத்தன்மையாவது குலையாமல் இருக்கும். ஆரியஸுக்கு அது பிடிக்காது.