பழைய ஸ்டான்லி இழைப்புளிகள்: எந்த நம்பருக்குக் காசு, எதற்கு இல்லை

பழைய ஸ்டான்லி இழைப்புளியில் வயதுக்கும் விலைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கனெக்டிகட்டின் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி கம்பெனி 1869-இல் இரும்பு இழைப்புளியை வடிவமைத்த லெனர்ட் பெய்லியின் தொழிலையும் காப்புரிமைகளையும் வாங்கியது. அதன் பிறகு இந்த வடிவத்தை லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளியது. அதனால் நூறு வயதான இழைப்புளி என்பது மட்டும் ஒரு தகுதி இல்லை. வாங்குபவர்கள் இரண்டு வகை. ஒருவர் மரம் இழைக்க வாங்குகிறார், இன்னொருவர் அலமாரியில் வைக்க வாங்குகிறார். இருவரும் ஒரே பொருளில் வெவ்வேறு இடங்களைப் பார்ப்பார்கள். கையில் இருப்பதை யாருக்கு விற்கப்போகிறோம் என்று தெரியாமல் துருவில் கை வைத்தால் அங்கேயே பாதி மதிப்பு போய்விடும்.

மாடல் நம்பரிலிருந்து தொடங்கலாம். 9 அங்குல நீளமும் 2 அங்குல பிளேடும் கொண்ட 4-ஆம் நம்பர், 14 அங்குலமுள்ள 5-ஆம் நம்பர் இரண்டும் எங்கும் கிடைக்கும். இழைக்க இவற்றைவிட நல்ல பழைய கருவி குறைவு. மறுவிற்பனைக்கு வாங்கினால் துடைக்கும் நேரத்துக்குக்கூடக் கூலி வராது. 22 அங்குல 7-ஆம் நம்பரையும் 24 அங்குல 8-ஆம் நம்பரையும் வேலை செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். பலகை ஓரத்தை நேராக்க அந்த நீளம் வேண்டும் என்பதால் இவை கையில் தங்காது. நடுவில் மாட்டிக்கொண்ட 18 அங்குல 6-ஆம் நம்பருக்கு ஆள் குறைவு. வேலை செய்பவருக்கு அது மலிவாகக் கிடைக்கும் நல்ல சரக்கு, வியாபாரிக்குத் தலைவலி. 4½-ஆம் நம்பர் அதன் அகலமான பிளேடுக்காக விற்கும். 3-ஆம் நம்பருக்குச் சிறிய கைகளும் சிறிய வேலைகளும் எப்போதும் இருக்கின்றன.

விலை சட்டென்று உயருவது கீழ் முனையில்தான். 1-ஆம் நம்பர் வெறும் 5½ அங்குலம், அதன் பிளேடு 1¼ அங்குலம். இழைக்கப் பெரிதாக உதவாது. குறைவாக விற்றது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உற்பத்தி நின்றது, அதனால் இன்று வரிசையிலேயே அதிக விலை அதற்குத்தான். விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். முதல் சோதனை எளிது: உண்மையான 1-ஆம் நம்பரில் பிளேடைப் பக்கவாட்டில் சாய்க்கும் லீவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது இருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம். இல்லாவிட்டாலும் உண்மை என்று ஆகிவிடாது. நவீன நகல்களும் உண்டு. ஆகவே வார்ப்பின் ஓரங்கள், கறுப்புப் பூச்சின் தேய்மானம், திருகுத் தலைகளின் பழமை மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 7 அங்குல 2-ஆம் நம்பர் அடுத்த படி. அதுவும் நல்ல விலை போகும்.

நம்பருக்குப் பின்னால் வரும் ‘சி’ அடிப்பாகத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடுவதைக் குறிக்கும். 5சி, 6சி போன்றவற்றில் இந்த எழுத்துக்காகக் கூடுதல் கேட்பதில் நியாயமில்லை. 2சி-யில் விஷயம் வேறு. சாதாரண 2-ஆம் நம்பரின் அடியில் மில்லிங் இயந்திரத்தில் பள்ளம் வெட்டி 2சி என்று விற்பவர்கள் உண்டு. பள்ளத்தின் உள்ளே இருக்கும் நிறமும் துருவும் வெளித் தளத்தின் பழமையோடு ஒத்துப்போகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். தளம் கருத்துப் போய், பள்ளம் மட்டும் வெளிறி இருந்தால் கைவேலை நடந்திருக்கிறது.

காலம் கணிக்கப் பலரும் பிளேடில் இருக்கும் முத்திரையைப் பார்க்கிறார்கள். அதுதான் நம்பிக்கை குறைந்த அடையாளம். பிளேடு தீட்டித் தீட்டித் தீர்ந்து மாற்றப்படும் பாகம். இதயக் குறிக்குள் எஸ்.டபிள்யூ. எழுத்துகள் உள்ள ‘ஸ்வீட்ஹார்ட்’ முத்திரை 1920-களையும் 1930-களின் முற்பாதியையும் சேர்ந்தது. ஆனால் அந்தப் பிளேடு 1890-களின் வார்ப்பிலும் உட்கார்ந்திருக்கலாம். உடம்பையே பாருங்கள். பக்கவாட்டு லீவர் வந்தது 1885 வாக்கில். பிளேடைத் தாங்கும் சாய்வான வார்ப்புக்கு ஃப்ராக் என்று பெயர். அதன் பின்னால் உடம்பில் மூன்று காப்புரிமைத் தேதிகள் இருந்து கடைசியானது 1910 ஏப்ரல் என்றால் அது 1910-களின் பொருள். முன் குமிழ் அதுவரை குட்டையாக இருந்தது, 1920 வாக்கில் உயரமானது. குமிழின் அடியைச் சுற்றி உடம்பிலேயே வளையம் வார்த்திருந்தால் 1920-களின் கடைசியோ அதற்குப் பிறகோ. பிளேடை இறுக்கிப் பிடிக்கும் மூடிக்கு லீவர் கேப் என்று பெயர். அதன் துளை சிறுநீரக வடிவில் இருந்தால் 1933-க்குப் பிந்தைய பாகம். போர்க்காலத்தில் பிளேடின் ஆழத்தை மாற்றும் பித்தளை நட்டுக்குப் பதில் கறுப்பு ரப்பர் நட்டும், ரோஸ்வுட்டுக்குப் பதில் சாயம் பூசிய கடின மரமும் வந்தன. வார்ப்பு கனமானது. அந்தக் கனத்துக்காகவே இழைப்பவர்கள் சிலர் அதைத் தேடுவது உண்டு. நீல நிறப் பூச்சு 1960-களைச் சேர்ந்தது. சேகரிப்பவர்கள் அதைத் தொடுவதில்லை.

அடுத்தடுத்த காலப் பாகங்கள் கலந்திருந்தால் பதற வேண்டாம். தொழிற்சாலையில் மிச்சமிருந்த பழைய பாகத்தைப் போட்டு முடித்திருப்பார்கள். இருபது முப்பது வருட இடைவெளி தெரிந்தால் அது பல இழைப்புளிகளிலிருந்து ஒட்டவைத்தது. வேலைக்கு ஒன்றும் குறையில்லை, சேகரிப்பு விலை மட்டும் கேட்கக்கூடாது.

600 வரிசையில் எண் கொண்ட ‘பெட்ராக்’ இழைப்புளிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். 604 என்பது 4-இன் அளவு, 607 என்பது 7-இன் அளவு. ஃப்ராக் முழுப் பரப்பிலும் உடம்பில் படிந்து உட்காருவதால் பிளேடு அதிராது. 1911 வாக்கில் வந்த தட்டையான பக்கமேல்விளிம்பு கொண்ட வகையில் பிளேடைக் கழற்றாமலே, அது அடியில் எட்டிப்பார்க்கும் இடைவெளியான வாயைக் குறுக்கலாம். இதற்கு இரண்டு வகை வாங்குபவர்களும் போட்டி போடுகிறார்கள். 602 அரிது, 602சி இன்னும் அரிது.

எந்த நம்பரானாலும் விரிசல் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பிளேடு, ஃப்ராக், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெறும் உடம்பை விரலில் தொங்கவிட்டு மரத்துண்டால் தட்டினால் கணீர் என்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் சந்தேகப்படுங்கள். வாயின் இரு மூலைகளிலும் அதற்கு நேர் மேலே பக்கச் சுவரிலும்தான் விரிசல் பிறக்கும். அந்த இடத்தில் மெல்லிய எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பொடி தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கோடாகக் கசியும். பித்தளைப் பற்று வைத்திருந்தால் மஞ்சள் கோடு தெரியும். வெல்டிங் செய்த இடத்தில் வார்ப்பிரும்பு கெட்டியாகிப் போவதால் அரம் வழுக்கும். சின்ன விஷயம்: பின் கைப்பிடியின் மேல் நுனியான கொம்பு உடைந்திருப்பது சகஜம், விலை குறையும், வாங்காமல் இருக்கக் காரணமில்லை. கைப்பிடி ஆடினால் மரம் சுருங்கியிருக்கிறது என்று பொருள். உள்ளிருக்கும் கம்பி பித்தளை நட்டின் அடியை முட்டுகிறது, கம்பியின் நுனியைக் கொஞ்சம் அரத்தால் குறைத்தால் இறுகும். கம்பி தொலைந்திருந்தால் கடைத் திருகு சேராது. அது 12-20 என்ற வழக்கொழிந்த மரை.

பிளேடின் தட்டையான பக்கத்தில், கூர்முனையை ஒட்டித் துருக்குழிகள் இருந்தால் அந்தப் பிளேடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எவ்வளவு தீட்டினாலும் முனை குழியில் போய்ப் பல் விழும்.

சுத்தம் செய்வதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. கம்பிச் சக்கரத்தில் பளபளப்பாக்கிய 1-ஆம் நம்பரைப் பார்த்தால் சேகரிப்பவர் முகம் சுளிப்பார். வினிகரில் ஊறவைத்தால் இரும்பு சாம்பல் நிறமாக மங்கும். சலவைச் சோடாக் கரைசலில் மின்னோட்டம் விடும் முறை துருவை நன்றாக எடுக்கும், ஆனால் துரு புகுந்த இடங்களில் கறுப்புப் பூச்சையும் உரித்துவிடும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, நச்சான குரோமியம் சேர்மம் கரைசலில் சேரும். அரிதான நம்பர் என்றால் எண்ணெயும் துணியும் போதும். 4, 5, 7 போன்ற வேலைக்கான சரக்கை மட்டும் தாராளமாகத் தேய்க்கலாம். மறுபூச்சுப் பூசி விற்கிறார்களா என்று அறிய, ஃப்ராக் உட்காரும் கடைந்த பரப்பையும் திருகுத் துளைகளையும் பாருங்கள். புது பெயிண்ட் அங்கே தெறித்திருக்கும்.

62-ஆம் நம்பரில் பிளேடு சாய்ந்து படுக்கும் தாழ்கோணப் படுகை வாயருகே காகிதமாக மெலிந்துவிடும். முன் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே சில்லு போயிருக்கும். சில்லில்லாததற்கு நல்ல விலை உண்டு. லீ-நீல்சன் என்ற கம்பெனி இதே வடிவைப் புதிதாகச் செய்வதால் இழைப்பவர்கள் பழையதற்கு அலைய வேண்டியதில்லை, விலையைத் தாங்குவது சேகரிப்பவர்கள்தான். பல வெட்டுப் பிளேடுகளை மாற்றிப் போடும் 45, 55 இரண்டும் பெட்டியோடும் எல்லா வெட்டுப் பிளேடுகளோடும் இருந்தால் மட்டும் பேசலாம். 45 அரிதே இல்லை. கம்பி, பலகை ஓரத்தை ஒட்டி ஓடும் வேலி, ஆழத் தடுப்பு ஒன்று குறைந்தாலும் உதிரிபாக விலைதான்.

விலை கணிக்க, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, அதே நம்பர், அதே காலம், அதே நிலை உள்ளவற்றை ஒப்பிட்டு நடுவில் வரும் விலையை எடுங்கள். அதிலிருந்து அனுப்பும் செலவைக் கழியுங்கள். 8-ஆம் நம்பர் நாலரை கிலோவுக்குப் பக்கம் வரும், தபால் செலவு லாபத்தைத் தின்னும். அனுப்பும்போது பின் கைப்பிடியையும் குமிழையும் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். பெட்டி கீழே விழுந்தால் முதலில் முறிவது கொம்பு, அடுத்து பக்கச் சுவர். பிளேடையும் ஃப்ராக்கையும் உடம்பின் மேல் தளர்வாக விடாமல் வேறு பொட்டலத்தில் வையுங்கள். பெட்டிக்குள் எதுவும் நகராத அளவுக்கு நிரப்பிய பிறகே ஒட்டுங்கள்.