கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி விளையாட்டு: போட்டி நடத்துவதா, மைதானத்தைப் பூட்டுவதா, பயிற்சியோடு நிறுத்துவதா?

2021 பிப்ரவரி 8ஆம் தேதி தமிழ்நாட்டில் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரிகள் திறக்கப்பட்டன. வேலூரை அடுத்த ஒரு கல்லூரியில் அப்போது நான் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். கல்லூரிகளுக்கு இடையே ஆண்டுதோறும் நாங்கள் நடத்திவந்த கபடி, கையுந்துபந்துப் போட்டிகளை அந்த ஆண்டும் நடத்தலாமா என்பதே முதல் வாரத்தில் என் மேசைக்கு வந்த கேள்வி. கல்லூரி முதல்வர் கூட்டிய கூட்டத்தில் மூன்று வழிகள் பேசப்பட்டன. முகக்கவசம், கிருமிநாசினி, வெப்பநிலைச் சோதனை ஆகியவற்றோடு போட்டியை வழக்கம்போல் நடத்துவது முதல் வழி. நோய் முற்றிலும் அடங்கும்வரை மைதானத்தைப் பூட்டி வைப்பது இரண்டாவது. போட்டிகளை விட்டுவிட்டு, நம் மாணவர்களுக்கு மட்டும் சிறு குழுக்களாகப் பயிற்சி அளிப்பது மூன்றாவது. மூன்றாவதையே தேர்ந்தெடுத்தோம், இன்று கேட்டாலும் பெரும்பாலும் அதையே சொல்வேன் என்பதால், இந்த ஒப்பீட்டில் தராசு ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

திறந்தவெளியில் தொற்று குறைவாகப் பரவும், இளைஞர்களில் பெரும்பாலோர் எளிதில் தேறிவிடுவர், ஓராண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு ஓட்டமும் வியர்வையும் மருந்து என்பவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

கல்லூரி விளையாட்டு பெரும் தொழிலாகவே நடக்கும் அமெரிக்காவிலும் இக்கேள்விக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. ஹார்வர்டு, யேல் முதலிய ஐவி லீக் கல்லூரிகள் 2020 ஜூலையிலேயே இலையுதிர்காலப் போட்டிகளைக் கைவிட்டன. ஆகஸ்ட் 11 அன்று பிக் டென், பேக்-12 என்னும் இரு பெரும் கல்லூரிக் கூட்டமைப்புகள் தங்கள் அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தைத் தள்ளிவைத்தன. தென் மாநிலக் கல்லூரிகளின் எஸ்இசி உள்ளிட்ட மூன்று கூட்டமைப்புகள் ஆடியே தீருவோம் என்று நின்றன. செப்டம்பர் 16 அன்று பிக் டென் தன் முடிவை மாற்றிக்கொண்டு களத்துக்குத் திரும்பியது. நாள்தோறும் விரைவுப் பரிசோதனை செய்யும் வசதி கைக்கு வந்துவிட்டது என்பதை அது முதன்மைக் காரணமாகச் சொன்னது. தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணமும் அவர்களை இழுத்தது. எங்கள் கபடிப் போட்டியை ஒளிபரப்ப யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆகவே அந்தச் சபலம் எங்களுக்கு இல்லை.

ஆனால் வேறொரு நெருக்கடி இருந்தது, அதைச் சான்றிதழ் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். கல்லூரி அணியில் ஆடி, பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இடம்பெற்றால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குரிய மூன்றாம் படிவம் கிடைக்கும். ரயில்வே, அஞ்சல் துறை, காவல் துறை என்று கனவு காணும் கிராமத்து மாணவனுக்கு அந்த ஒற்றைத் தாள்தான் பட்டப்படிப்பை விடப் பெரிய சொத்து. அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் கபடி அணித் தலைவன் கூட்டம் முடிந்த அன்று என் அறை வாசலில் நின்று, "எனக்கு இது கடைசி வருஷம் சார்" என்றான். போட்டியை நடத்த வேண்டும் என்போரின் வாதங்களில் எனக்கு இன்றும் பதில் சொல்லத் தெரியாத வாதம் அந்த ஒரு வரிதான்.

அப்படியிருந்தும் போட்டி வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்தது ஆட்டத்தைப் பார்த்து அன்று, ஆட்டம் முடிந்த பிறகு வரும் பொழுதைப் பார்த்து. கபடியில் பாடிச் செல்பவன் முப்பது விநாடி மூச்சை அடக்கிப் பாட, எதிரணியினர் ஏழு பேர் அவன்மேல் விழுந்து அமுக்குகிறார்கள். தொற்றுக்கு இதைவிட வசதியான விளையாட்டை யாராலும் வடிவமைக்க முடியாது. என்றாலும் ஓர் ஆட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும், அதுவும் திறந்தவெளியில். கல்லூரிப் போட்டி என்பது அந்த நாற்பது நிமிடம் மட்டுமா? அந்நாள்களில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் எல்லை வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகக் கடலூர்வரை நீண்டிருந்தது. கடலூர்ப் பக்கத்து அணி காலையில் வந்து ஆடிவிட்டு மாலையில் திரும்ப முடியாது. பதினான்கு பேர் ஒரு வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வருவார்கள். வகுப்பறையில் மேசைகளை ஓரம் தள்ளி, பாய் விரித்துப் படுப்பார்கள். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் எங்கள் மாணவர்களோடு ஒரே பந்தியில் உட்காருவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் அரட்டை அடிப்பார்கள். அந்த அரட்டைக்காகவே போட்டிக்கு வருகிறவர்களும் உண்டு, நானும் ஒரு காலத்தில் அப்படி வந்தவன்தான்.

இந்த இடம்தான் என் கணக்கில் முடிவைத் தீர்மானித்தது. 2020 டிசம்பரில், இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் கல்லூரிகள் திறந்த சில நாள்களிலேயே, சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தின்மேல்தான் அப்போது சந்தேகம் விழுந்தது. அங்கே போட்டி எதுவும் நடக்கவில்லை, சேர்ந்து உண்டதும் தங்கியதும் மட்டுமே நடந்தன. போட்டி நடத்துவது என்றால் பத்து மாவட்டத்துச் சோற்றுத் தட்டுகளை ஒரே குழாயடியில் கழுவ வைப்பதுதான்.

இதைப் பணத்தால் தடுக்க முடியாதா என்று கேட்கலாம். உயிர்க்குமிழி என்று அவர்கள் அழைத்த ஏற்பாட்டில் எல்லாரையும் ஓட்டலில் அடைத்து வைத்துப் பரிசோதித்துக்கொண்டே இருந்த ஐபிஎல் தொடர், 2021 மே 4 அன்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்துத் தொடர் முழுவதையும் இண்டியானா என்ற ஒரே மாநிலத்துக்குள் நடத்தினார்கள். அங்கும் விசியு எனப்படும் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக அணி தொற்றின் காரணமாக ஒரு பந்தைக்கூடத் தொடாமல் வீடு திரும்பியது. பரிசோதனைச் செலவை எங்கள் நிலைக்குப் பொருத்திப் பார்த்தேன். ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், மேலாளர் ஆகப் பதினான்கு பேர். வாரம் இரு முறை, நான்கு வாரம் என்றால் 112 பரிசோதனைகள். ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் ஓர் அணிக்கு 1,12,000 ரூபாய். எங்கள் கல்லூரியில் எல்லா அணிகளுக்கும் சேர்த்துப் பந்தும் வலையும் சீருடையும் வாங்க ஒதுக்கும் ஆண்டு நிதி அதைத் தொட்டதில்லை.

விடுதியில் தங்காத மாணவனின் வீடும் இந்தக் கணக்கில் வரும். எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கங்களிலிருந்து நகரப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வருபவர்கள். அவர்கள் திரும்பிப்போகும் வீட்டில் அம்மா ஒரு மூலையில் பீடி சுற்றிக்கொண்டிருப்பார், இன்னொரு மூலையில் ஆயா படுத்திருப்பார். இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் பையனைத் தனிமைப்படுத்தச் சொல்வது எளிது. வெளியூர்க்காரர்கள், "வேலூரில் உங்களுக்கு என்ன கவலை, சிஎம்சி இருக்கிறதே" என்பார்கள். ஊரில் பெரிய மருத்துவமனை இருப்பது நோய் வந்த பின் உதவும். மைதானத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் வழியில் அது குறுக்கே நிற்காது.

இரண்டாவது வழியான முழு அடைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிர்வாகத்துக்கு அதுவே பிடித்திருந்தது, ஏனெனில் பூட்டிய மைதானத்துக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆனால் 2020 முழுவதும் மைதானம் பூட்டித்தான் கிடந்தது; எங்கள் பையன்கள் பாலாற்று மணலில் முப்பது பேராகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டு, ஒரே தண்ணீர் பாட்டிலை வாய்வைத்துக் குடித்துக்கொண்டிருந்ததைக் காட்பாடிப் பாலத்தின் மேலிருந்து நானே பார்த்திருக்கிறேன். ஆட்டத்தை நிறுத்த நம்மால் முடியாது. கண்ணெதிரே நடப்பதா, கண்மறைவில் நடப்பதா என்பதை மட்டுமே நாம் முடிவு செய்யலாம். மாணவிகளுக்கோ பாலாறும் இல்லை. மைதானம் மூடியதோடு அவர்களுக்கு விளையாட்டே மூடிப்போயிற்று. எங்கள் எறிபந்து அணியில் இருவர் பிறகு திரும்பவே இல்லை. ஆனால் எங்களிடம் இருந்த மாணவியர் அணி அது ஒன்றுதான் என்பதால், அதை வைத்துப் பொதுவாக எதையும் சொல்லும் தகுதி எனக்கில்லை.

மூன்றாவது வழியை நாங்கள் நடைமுறைப்படுத்திய விதம் இதுதான். காலை ஆறு மணி முதல் ஒன்பது மணிவரை, குழுவுக்கு ஆறு பேர், குழுவுக்குக் குழு கலப்பு கிடையாது. கையுந்துபந்தில் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பந்து. கபடியில் கால் அசைவும் உடல் வலுவும் மட்டும். பிடி இல்லை, பாட்டும் இல்லை. பாட்டில்லாத கபடியை ஊர்ப் பெரியவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துச் சிரித்தார்கள். பளு தூக்கும் பயிற்சிக்குக் காற்றோட்டமில்லாத அறைதான் இருந்தது. காமன்வெல்த் போட்டிகளில் 2014இலும் 2018இலும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் சத்துவாச்சாரி பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பயிற்சியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இரும்புக் கம்பியையும் தட்டுகளையும் வேப்பமரத்தடிக்கு எடுத்து வந்து, பலகை போட்டுத் தூக்க வைத்தோம். அறைக்குள் திரும்பக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன், வெயில் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினால்.

இந்த வழியிலும் ஓட்டை இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்தான். சொன்னால் குழுவிலிருந்து நீக்கிவிடுவேன் என்று பயந்திருக்கிறான்; அப்படிப் பயப்படும்படி முதல் நாள் பேசியவன் நான். அவனது குழுவைப் பதினான்கு நாள் நிறுத்தினோம். அதன் பிறகு, உடல்நலமின்மையைச் சொல்பவனின் இடம் அவனுக்காகவே காத்திருக்கும் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

தொற்றிலிருந்து தேறியவனை எப்போது ஓடவிடுவது என்பதில் என் அனுபவம் மெலிந்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேறிய விளையாட்டு வீரர்கள் 26 பேரின் இதயத்தை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் நால்வருக்கு இதயத்தசை அழற்சியின் அறிகுறிகள் இருந்ததாக 2020 செப்டம்பரில் வந்த ஆய்வு எங்களையெல்லாம் கலங்க வைத்தது. அடுத்த ஆண்டு பிக் டென் கல்லூரிகளில் 1,597 பேரைச் சோதித்தபோது அந்த அழற்சி கண்டறியப்பட்டவர்கள் 37 பேர், அதாவது நூற்றுக்கு இரண்டைவிடச் சற்று அதிகம். முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு எல்லாவற்றையும் மூடச் சொன்னவர்களும், இரண்டாவதைப் படித்துவிட்டு ஒன்றுமில்லை என்றவர்களும் எனக்குத் தெரியும். நாங்கள் செய்ததெல்லாம், தேறியவனை முதல் வாரம் நடக்கவும், அடுத்த வாரம் மெல்ல ஓடவும் விட்டு, நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வந்தால் மருத்துவரிடம் அனுப்பியது மட்டுமே. அது போதுமானதா என்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவன் அல்லன்.

மார்ச் இறுதியில் தொற்று மீண்டும் ஏறி, கல்லூரிகள் மறுபடி மூடப்பட்டன. எங்கள் ஏற்பாடு ஏறத்தாழ ஆறு வாரமே நீடித்தது. அமெரிக்காவில் அந்தப் பருவத்தை இழந்த வீரர்களுக்குக் கல்லூரி அணியில் ஆட ஓராண்டு கூடுதலாக அளித்தார்கள். எங்கள் அணித் தலைவனுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. முதுகலையில் சேர்ந்தால் இன்னும் இரண்டு ஆண்டு ஆடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டு நிலைமை இடம்கொடுக்காமல் ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் மீண்டும் திறந்து, மாணவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு, கையுந்துபந்துப் போட்டியை மட்டும் ஒரே நாளில் நடத்தினோம். அழைத்தது ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருந்த ஆறு கல்லூரிகளை மட்டுமே. தங்கும் வசதி இல்லை, பந்தி இல்லை, பரிசளிப்பு விழாவும் இல்லை. இறுதியாட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, மூன்று மணிக்குள் எல்லாரையும் வண்டி ஏற்றிவிட்டோம். தோற்ற அணியின் பயிற்சியாளர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அடுத்த வருஷமாவது ராத்திரி தங்க வைப்பீங்களா சார்?" என்று கேட்டார்.