வீராவின் 4ஜி15, 4ஜி92, மைவியின் கே3-விஇ: பினாங்குச் சாலைக்கு எது?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு முதல் கார் என்றதும், நம் குடும்பங்களில் பலர் இன்னமும் தேடுவது பழைய புரோட்டோன் வீராவையோ முதல் தலைமுறை பெரோடுவா மைவியையோதான். விற்பவர் பெயின்ட்டைக் காட்டுவார், ஸ்போர்ட் ரிம்மைக் காட்டுவார், ஏர்கோனைப் போட்டுக் குளிரவைப்பார். ஆனால் பின்னால் காசைத் தின்னப்போவது பானெட்டுக்குக் கீழே இருப்பது. அதனால் எஞ்சினைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

புரோட்டோன் வீரா 1993-இல் வந்தது. பின்னால் 1.5 என்று இருந்தால், உள்ளே மிட்சுபிஷியின் 4ஜி15: 1,468 சிசி, ஒற்றை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), 12 வால்வு, சுமார் 90 குதிரைத்திறன். 1.6 என்றால் 4ஜி92: 1,597 சிசி, ஒற்றை கேம்ஷாஃப்டிலேயே 16 வால்வு, 113 குதிரைத்திறன். குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் 1.6-ஐத்தான் எடுக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சக்தி எந்த வேகச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

4ஜி15-இன் சிலிண்டர் விட்டம் 75.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82. குறுகலான சிலிண்டர், நீளமான ஓட்டம். இதனால் இழுவிசை சீக்கிரமே வந்துவிடும்: 126 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,000 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 3,000 சுழற்சி). 4ஜி92-இல் இது தலைகீழ்: விட்டம் 81, ஓட்டம் 77.5. நன்றாகச் சுழலும், ஆனால் உச்ச இழுவிசைக்கு 5,000 ஆர்பிஎம் வரை மிதிக்க வேண்டும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏர்கோனும் போட்டுக்கொண்டு, ரெலாவிலிருந்து ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் பாலிக் புலாவுக்கு ஏறிப் பாருங்கள். 4ஜி15 மூன்றாவது கியரில் அலட்டிக்கொள்ளாமல் போகும். 4ஜி92-ஐ இரண்டாவதுக்கு இறக்கி, சத்தம் போடவிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே 4ஜி92 மூச்சு வாங்காமல் ஓடும், லாரியை முந்தவும் தயங்காது.

மைவி 2005-இல் வந்தது. அதன் 1.3-இல் இருக்கும் கே3-விஇ டைஹாட்சுவின் வேலை. டொயோட்டா அவான்சாவிலும் இதே எஞ்சின் உண்டு. 1,298 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு, வால்வு திறக்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் டிவிவிடி. 86 குதிரைத்திறன், 3,200 ஆர்பிஎம்மில் 116 நியூட்டன் மீட்டர். 4ஜி15-ஐவிட 170 சிசி குறைவு, இழுவையில் பெரிதாகக் குறையில்லை. பெட்ரோலிலும் மிச்சம். ரோட் டேக்ஸ் 70 வெள்ளி, வீரா 1.5-க்கும் 1.6-க்கும் 90.

அப்படியானால் மைவிதானே என்று கேட்பீர்கள். ஓட்ட மட்டும் தெரிந்த, பானெட்டைத் திறக்கவே திறக்காத பிள்ளைக்கு, ஆமாம், மைவிதான். ஒரே ஒரு நிபந்தனை: எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றியிருக்க வேண்டும். கேம்ஷாஃப்டைச் சுழற்ற இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். செயினுக்கும் டிவிவிடிக்கும் ஆயில்தான் உயிர். ஆயில் கெட்டிப்பட்டுக் கசடானால், டிவிவிடிக்கு ஆயிலை அனுப்பும் சின்ன வால்வு அடைத்துக்கொள்ளும். கார் இழுக்காது, ஐடிலிங் ஆடும். பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ‘கரகர’வென்று செயின் சத்தம் கேட்டு நிற்காமல் தொடர்ந்தால், விலை பேசாமல் கிளம்பிவிடலாம்.

மூன்றுக்கும் பொதுவான எதிரி சூடு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை பக்கம் கார் ஊர்ந்து போகும்; சாயங்காலம் பினாங்குப் பாலத்தில் ஜாம் ஆனால் நகரவே நகராது. காற்று வராத அந்த நேரத்தில் ரேடியேட்டர் விசிறி மட்டும்தான் காப்பாற்றும். 4ஜி15-இன் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி) வார்ப்பிரும்பு, ஹெட் (அதை மூடும் மேல்பகுதி) அலுமினியம். வருடக்கணக்கில் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகள் நிறைய உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு உள்விளிம்பைத் தடவுங்கள். செம்மண் குழம்பு மாதிரி விரலில் ஒட்டினால், உள்ளே தண்ணீர் போகும் வழியெல்லாம் துரு. அப்புறம் ஆயில் மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் நுரை படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

இந்த விஷயத்தில்தான் 4ஜி15 மேல் எனக்கு இத்தனை நம்பிக்கை. ஒருமுறை சூடேறி ஹெட் லேசாக வளைந்தாலும், இறக்கி, சமன்செய்து, புது கேஸ்கெட் போட்டு ஓட்டிவிடலாம். பட்டர்வொர்த்திலும் ஜெலுத்தோங்கிலும் இதைச் செய்யத் தெரியாத ஃபோர்மன் அபூர்வம், சாமானும் மலிவு.  கே3-விஇ சூடேறி வளைந்தால் செலவு வேறு மாதிரிப் போகும்; பலர் எஞ்சினையே மாற்றிவிடுகிறார்கள்.

4ஜி15-இலும் இரண்டு வகை உண்டு: பழையதில் கார்புரேட்டர், பிந்தியதில் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் எம்பிஐ. கிடைத்தால் எம்பிஐயையே எடுங்கள். கார்புரேட்டரைக் காதால் கேட்டே டியூன் செய்யும் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறார்கள், அந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ள இளையவர்கள் வருவதில்லை.

4ஜி92-இல் ஸ்பார்க் பிளக் நான்கும் வால்வு கவரின் நடுவில் குழிக்குள் இருக்கும். ரப்பர் சீல் காய்ந்தால் குழியில் ஆயில் தேங்கும், பிளக் கேபிள் ஊறிப்போய் எஞ்சின் திக்கும். சின்ன ரிப்பேர்தான், பயப்பட வேண்டாம். வேறொரு விஷயத்துக்குப் பயப்படலாம்: 1.5 வீராவில் ஹாஃப் கட் (வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்) 4ஜி92-ஐ இறக்கி விற்கிறவர்கள். அதிலும் ஜப்பானில் 175 குதிரைத்திறன் தந்த மைவெக் வகை என்றால் இளசுகளுக்குத் தனி மோகம். எஞ்சின் நம்பர் கிரான்ட்டோடு (காரின் பதிவுச் சான்று) ஒத்துப்போகாவிட்டால், பெயர் மாற்றும்போது செய்யும் பி5 சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

2004-இல் ஜென்-2வோடு வந்த 1.6 கேம்ப்ரோவும் இதே விலைக்குள் கிடைக்கும். 110 குதிரைத்திறன், 148 நியூட்டன் மீட்டர், நெடுஞ்சாலையில் அருமை. ஆரம்பகால எஞ்சின்களில் 3,000 ஆர்பிஎம்மை ஒட்டி இழுவை சற்றே தொய்யும், பாயா தெருபோங் மாதிரி மேட்டில் அது தெரியும். என் பட்டியலில் அது 4ஜி92-க்கும் பின்னால்தான்.

வீரா எடுப்பதென்றால், டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். 80,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றுவது வழக்கம். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் விலையையும் காரின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். வாட்டர் பம்பைக் கழற்ற எப்படியும் அந்த பெல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும், கூலி ஒருமுறையோடு போகும்.